மடியில் போட்டுக் கொடுத்த பாட்டில் பால்

எதிர்வீட்டு மேரியக்காவின் ஆடு, குட்டி போட்டதும் செத்துவிட்டது. பாட்டில் பாலில் வளர்ந்த அந்தக் குட்டி, அக்கா ஒரகடத்தில் வேலை முடிந்து சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும் கத்திக்கொண்டு அவரிடம் ஓடும். எனக்கு வயிறு எரியும்.

என் ஆடு ஈன்றதும் நானும் ஒரு குட்டியைப் பிரித்து, கைக்குழந்தை போல மடியில் மல்லாக்கப் போட்டுப் பாட்டிலை வைத்தேன். மூக்கில் பால் ஏறிக் கண் சொருகிவிட்டது. என் அலறலில் ஓடிவந்த அக்கா, அதைத் தலைகீழாகத் தூக்கித் தட்டினார். தும்மியது.

“ஆத்தாகாரி மடி நெறைய பால வெச்சுகினு கத்துது. உனுக்கு இன்னாத்துக்குடி பாட்டிலு?”

“உன் குட்டி மட்டும் உன் பின்னாலயே வருதேக்கா!”

“அதுக்கு ஆத்தா இல்லடி. அதான் வருது.”

இப்போது குட்டிகளைத் தாயிடமே விடுகிறேன். குடிக்கிறதா என்று ஓயாமல் போய்ப் பார்க்கிறேன். ஒன்றும் என் பின்னால் வருவதில்லை. சாயங்காலம் பஸ் சத்தம் கேட்டால் மட்டும் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.