கழி இடித்த இடம்

எங்கள் தபால்காரர் போஸ்ட்கார்டை உப்பளத்து வரப்பில் நின்றே உரக்கப் படித்தார்: "மார்பகப் பரிசோதனைக்கு மறுபடியும் வரவும்." பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். "இன்னும் சத்தமா படிங்க, கூனிமேட்டுக்கும் கேக்கட்டும்!" என்று அதைப் பிடுங்கினேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. பத்து நாள் முன்பு மாதா கோயில் ஹாலில் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்காரர்கள் பெண்களுக்கென்று ஒரு முகாம் போட்டிருந்தார்கள். சாமியார் பூசையில் சொன்னாரே என்று போனேன். லேடி டாக்டர் என் இடது மார்பை அழுத்திப் பார்த்து, "இங்க கட்டியா இருக்கே. அடிகிடி பட்டுச்சா?" என்று கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "எங்க வூட்டுக்காரரு கை நீட்டுற ஆளு இல்லீங்க!" என்று கத்திவிட்டேன். டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டார். கூட வந்த என் நாத்தனார், வெட்கமாக இருக்கிறதென்று வாசலோடு திரும்பிவிட்டாள்.

கார்டு வந்த பிறகு சோறு இறங்கவில்லை. செத்துப்போய்விடுவேன் என்றே முடிவு கட்டிவிட்டேன். வீட்டுக்காரர் தானாகவே தண்ணீர் தூக்கினார், துணி துவைத்தார். அதைப் பார்த்துத்தான் பயம் இரண்டு பங்கானது. "நான் இன்னும் போய்ச் சேரலங்க, வாளிய வைங்க!" என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

புதன்கிழமை நாத்தனாரோடு பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சு முழுக்கப் பெண்கள். தரை கழுவுகிற ஒருத்தி நீளக்கழி வைத்த கட்டையால் தண்ணீரைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தாள். இழுக்க இழுக்கக் கழியின் நுனி அவள் மார்பில் போய் இடித்தது. நான் துள்ளி எழுந்தேன். அட மாதாவே! பதினஞ்சு வருஷமாக நான் உப்பு வாரும் பலகையின் கழியும் அங்கேதானே இடிக்கிறது! உப்பு இறுகிப்போன பாத்தியில் வெடுக்கென்று இழுக்கும்போதெல்லாம் இடிக்கும். அதை அடி என்று நான் நினைத்ததே இல்லை, அது வேலை.

கட்டையைப் பிடுங்கிக்கொண்டு டாக்டர் அறைக்குள் ஓடினேன். "இப்படித்தாங்க! இங்கதாங்க!" என்று இழுத்துக் காட்டினேன். டாக்டர் சிரித்தார். ஆனாலும் விடவில்லை. "இருக்கலாம்மா. ஊசி குத்திக் கொஞ்சம் எடுத்துப் பாத்துடுவோம்" என்றார். சாயங்காலம் வரைக்கும் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில், "பயப்பட ஒண்ணுமில்ல, அடிபட்ட கட்டிதான்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். திரும்பும் பஸ்ஸில் கண்டக்டரிடம்கூட எனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னேன்.

மறுநாள் உப்பளத்தில் முதல் இழுப்பிலேயே கழி அதே இடத்தில் இடித்தது. "அடியேய், இங்கதான்டி! உங்களுக்கும் பாருங்கடி!" என்று கூவினேன். பலகைகளைப் போட்டுவிட்டு ஆளாளுக்கு இடது மார்பைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரே சிரிப்பு, கும்மாளம்.

நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. அவள் கை வலது மார்பில் ஒரே இடத்தில் நின்றிருந்தது.

"அண்ணி, கழி இங்க இடிக்காதே" என்றாள்.

பலகையை வீசிவிட்டு, உப்புத் தண்ணீர் சொட்டும் புடவையோடு அவளை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.