சட்டைப் பையில் ரப்பர் புழு

ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு இருக்கன்குடிப் பக்கத்துக் கண்மாய்தான். கையில் தூண்டில், பையில் ஆன்லைனில் வாங்கிய ரப்பர் புழு. கண்மாய் முழுக்கப் பாசி. தூண்டிலின் இரும்பு முள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வீசுகிற வீச்சுக்கெல்லாம் பாசிதான் வரும், விரால் வராது. அதனால் முள்ளின் முனையைப் புழுவின் உடம்புக்குள்ளேயே புதைத்துவிட வேண்டும். தடவினால் கொழகொழவென்று ரப்பர் மட்டும்தான் தட்டுப்படும். அந்த வித்தையில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

அந்தத் திங்கட்கிழமை, நான் வேலை பார்க்கும் பட்டாசு கம்பெனி வாசலில் வாட்ச்மேன் வழக்கம்போல் தடவிப் பார்த்தார். தீப்பெட்டி, செல்போன், இரும்புத் துண்டு எதுவும் உள்ளே போகக் கூடாது. சட்டைப் பையில் அவர் கை நின்றது.

"என்னலே இது?"

"ரப்பர் புழுண்ணே. நேத்து மீன் பிடிக்கப் போனேன்."

"வெளங்கிரும்," என்று சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். முந்தின நாள் கண்மாயிலிருந்து கிளம்பும்போது தூண்டில் நரம்பை அறுத்து, முள்ளோடு அதை இதே சட்டைப் பையில் போட்டவன் நான்தான். ரப்பர் என்று வாய் சொன்னதை மூளையும் நம்பிவிட்டது. என்னைப் போல ஒரு மடையனை எங்கே தேடுவது.

வெடிமருந்து கலக்கும் அறையில் நானும் ஓர் அக்காவும் மட்டும். எங்கள் தெருக்காரர், மூன்று பிள்ளைகளுக்குத் தாய். மருந்து பாதி கலந்திருந்தது. சல்லடைமேல் குனிந்தபோது நெஞ்சில் சுருக்கென்று குத்தியது. பார்த்தால் முள் முனை ரப்பரைக் கிழித்திருந்தது, புழு பைக்கு வெளியே பாதி வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் குனிந்தால் மருந்துக்குள் விழும். இரும்பு உரசி ஒரு பொறி கிளம்பினால் போதும், எங்கள் இருவரையும் அள்ளித்தான் எடுக்க வேண்டும். பிடித்துக்கொள்ளலாம் என்றால் பத்து விரலிலும் மருந்து.

"அக்கா, எந்திரிக்காதீக. என் பையில தூண்டில் முள் இருக்கு."

அவர் கை அசையவில்லை. "ஓடாதே. மெதுவாப் போ."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வெறுங்காலை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து நடந்தேன். பத்தடிதான். வெளியே போய்க் கையைக் கழுவிவிட்டு, புழுவை வேலிக்கு அப்பால் கருவேலங்காட்டுக்குள் எறிந்தேன். திரும்பி அறை வாசலுக்கு வந்தபோது கை வெடவெடவென்று நடுங்கியது.

"இந்தக் கையோட மருந்தைத் தொடாதே. அங்கன போய் உக்காரு."

"நீங்களும் வந்துருங்கக்கா. போர்மேனைக் கூப்பிடுதேன்."

"பாதி கலந்ததை எப்படிலே விட்டுட்டு வர? அவரு வந்தா ஒனக்கு வேலை போயிரும். பேசாம இரு."

கலந்த மருந்தை அப்படியே விட்டுவைத்தால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளலாம், அது இன்னும் ஆபத்து என்று எனக்கும் தெரியும். வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். சல்லடைச் சத்தம் நின்றால் நெஞ்சு பக்கென்றது. மறுபடி கேட்டால் அதைவிடப் பயமாக இருந்தது. தப்பு செய்தவன் நிழலில் இருக்கிறேன், அவர் தனியாக உள்ளே இருக்கிறார். அன்று மாரியாத்தாளை எத்தனை தடவை கூப்பிட்டேனோ தெரியாது.

ஒருவழியாகக் கலந்து முடித்துவிட்டு அக்கா வெளியே வந்தார். கையைக் கழுவிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கொஞ்சம் தண்ணி குடுலே."

தம்ளரை நீட்டினேன். அவரால் வாங்க முடியவில்லை. அப்போதுதான் அவர் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. நான்தான் வாயில் ஊற்றினேன்.