சுகந்தி அக்காவின்ரை சிவப்புக் கதிரை

ஒரு டிக்தான் விழுந்தது.

நேற்றுப் பின்னேரம் சுகந்தி அக்காவுக்கு வாட்ஸப்பிலை அனுப்பின மெசேஜ். காலமை பஸ்ஸுக்குள்ளை எடுத்துப் பாத்தாலும் அதே ஒரு டிக்...

கடைக்கு வந்தாப் பிறகுதான் சொல்லிச்சினம். சுகந்தி அக்கா விடிய ஆஸ்பத்திரியிலை காலமாயிட்டாவாம். டெங்குக் காய்ச்சல்.

நான் பேஸ்புக்கிலை ஒண்டும் எழுதிறேல்லை. இதுதான் முதல் தரம். ஆர் ஆர் பாப்பினமோ தெரியாது. மனேச்சரும் பாப்பார்.

அக்காவின்ரை ஊர் இணுவில். எங்கடை புடைவைக்கடையிலை சாறிப் பகுதி. நான் பத்தாம் வகுப்போடை பள்ளிக்கூடத்தை விட்டிட்டு வந்த நாள் தொடக்கம் அவவுக்குப் பக்கத்திலைதான் நிக்கிறன். ஆக்கள் ஏதும் கேட்டால் எனக்குக் குரல் வராது. எனக்கும் சேர்த்து அக்காதான் கதைப்பா.

நிக்கிறது எண்டால் நிக்கிறதுதான். கடை திறந்தால் பூட்டும் வரைக்கும் குந்தி இருக்கேலாது, ஒரு சனம் இல்லாட்டிலும். அக்கா மட்டும் ஒருநாள் வீட்டிலை இருந்து சிவப்புப் பிளாஸ்ரிக் கதிரை ஒண்டைக் கொண்டுவந்து, தூணடியிலை தள்ளிப் போட்டு அதிலை இருந்தா. ஆக்கள் வந்தால் எழும்புவா. போனால் இருப்பா. நாங்கள் பாத்துக்கொண்டு நிண்டம்.

மனேச்சர் வெளிநாட்டிலை இருந்து வந்தவர். கோவம் வந்தால் இங்கிலிசிலைதான் ஏசுவார். எங்களுக்கு விளங்காது எண்ட நினைப்பு. அக்கா அந்தச் சொல்லைப் பாடமாக்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு நேரம் என்னட்டைச் சொல்லுவா.

"பிள்ளை, உவர் இண்டைக்கு என்னை என்னவாம்? போனிலை பார்."

மல்கொன்டென்ட். எதிலையும் திருப்திப்படாத ஆள், பிரெஞ்சிலை இருந்து வந்த சொல்லு எண்டன். அது சரிதானே எண்டு சோத்தைக் குழைச்சா.

ரிகால்சிட்ரன்ட். சொல்வழி கேளாதவர். லத்தீனிலை, குதிக்காலாலை உதைக்கிறது... அக்காவுக்குப் புரைக்கேறிட்டுது. அவவின்ரை வீட்டுப் பசு பால் கறக்கேக்கை மாமியாரை மட்டும்தான் உதைக்குமாம். "அப்ப அதுவும் எங்கடை ஆள்தான்."

அதுக்குப் பிறகு மனேச்சர் படியேறி வந்தால் அக்கா குதிக்காலை மெல்ல ஆட்டிக் காட்டுவா. நான் சாறிக்கட்டுக்குப் பின்னாலை குனிஞ்சிடுவன்.

ரெபெல் மட்டும் வேறை மாதிரி. தோத்த சனம் திரும்பவும் போர் தொடங்கிறது எண்டதிலை இருந்து வந்ததாம். நான் வாசிச்சு முடிய அக்கா சுத்தவரப் பாத்தா.

"உதை வேறை ஒருத்தருக்கும் சொல்லாதை, பிள்ளை."

பிறகு சாப்பிடேல்லை. அவவின்ரை தம்பி சண்டைக்குப் பிறகு வீட்டுக்குத் திரும்பி வரேல்லை எண்டு எனக்குப் பிறகுதான் தெரியும்.

கடைசியாக் கேட்டது டிசிடென்ட். போன கிழமை மனேச்சர் கதிரையைக் காட்டிக் காட்டிச் சொன்னவர். அண்டைக்கு என்ரை போனிலை டேட்டா இல்லை. அடுத்த நாள் அக்கா காய்ச்சல் எண்டு வரேல்லை.

நேற்றுத்தான் தேடினன். ஒத்துப்போகாதவர். பழைய லத்தீனிலை, தள்ளிக் குந்தி இருக்கிறவர்.

அக்கா, உங்கடை கதிரை அந்தச் சொல்லுக்குள்ளையே கிடக்கு எண்டு அனுப்பினன்.

ஒரு டிக்...

அக்காவுக்காக இண்டைக்குக் கடை பூட்டேல்லை. மனேச்சர் வந்து தூணடியைப் பாத்தார். பிறகு என்னைப் பாத்தார். இந்த முறை தமிழிலைதான் சொன்னார்.

"அந்தக் கதிரையைக் கொண்டுபோய் ஸ்டோரிலை வையும். இனி ஆராவது உதிலை இருந்தால் அடுத்த நாள் வேலைக்கு வரத் தேவையில்லை."

நான் ஓம் எண்டன். வீட்டிலை அம்மாவும் நானும்தான். இந்த வேலை போனால் வேறை ஒரு இடத்திலை போய் வாய் திறந்து கேக்க எனக்குத் தெரியாது.

அக்கா, போயிட்டு வாங்கோ. எனக்குச் சரியான பயமாக் கிடக்கு.

கதிரையைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர் வாசல் வரைக்கும் போனன். அதிலை கொஞ்ச நேரம் நிண்டன். பிறகு திரும்பி வந்து, தூணடியிலை போட்டு, அதிலை இருந்தன்.