சுலோசனாவின் ஞாயிற்றுக்கிழமைகள்

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொன்றே முக்கால் இருக்கும். டெலிபோன் எக்சேஞ்சில், வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் போர்டில் எனக்கு மேற்பார்வை டூட்டி. தெற்கே ஒரு சின்ன எக்சேஞ்சிலிருந்து வந்த அழைப்பைக் கேட்டுவிட்டு எங்கள் ஆபரேட்டர் பெண் திரும்பி, "அக்கா, பி.பி. கால். ஒங்க பேரச் சொல்லித்தான் கேக்குறாக" என்றாள். இன்னார்தான் வந்து பேச வேண்டும் என்று பெயர் சொல்லிப் பதிவு செய்யும் அழைப்பு அது. இருபத்திரண்டு வருஷமாக ஊருக்கெல்லாம் பி.பி. கால் போட்டுக் கொடுத்திருக்கிறேன். என் பெயருக்கு ஒன்று வந்தது அன்றுதான்.

பேசியவர் ஓய்வு பெற்ற ராணுவக்காரர். சுலோசனாவுக்குப் பாராசூட் பயிற்சி கொடுத்தவர். ஓர் அரிசி ஆலையிலிருந்து பேசினார். "அம்மா, சுலோசனா கொடுத்த ஃபாரத்துல அவசரத்துக்குன்னு ஒங்க பேரத்தான் எழுதியிருக்காங்க. வீட்டு விலாசம் கூட இல்ல. அந்தப் பொண்ணு நம்மள விட்டுப் போயிருச்சும்மா" என்றார். நான் டிரங்க் மேற்பார்வையாளர் குரலில், "மறுபடி சொல்லுங்க, லைன் சரியில்லை" என்றேன். லைன் சுத்தமாக இருந்தது. அவர் மறுபடியும் சொன்னார்.

நமது மனமகிழ் மன்ற மலருக்கு இந்த அஞ்சலியை நான்தான் எழுத வேண்டும் என்றார்கள். நேரில் அவரை நான் ஒருநாளும் 'நீங்கள்' என்று சொன்னதில்லை. 'ஏய் சுலோ'தான். இப்போது எழுத உட்கார்ந்தால் அப்படி எழுதக் கை வரவில்லை. என் வாயில் வந்த திட்டையெல்லாம் அவர் உயிரோடு இருந்தபோது வாங்கிக்கொண்டார். இனி மரியாதையாவது கொடுக்கிறேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சுலோசனா ஐந்து வருஷத்துக்கு முன் எங்கள் போர்டுக்கு வந்தவர். மதுரை மகால் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பம். அப்பா நெசவு, அம்மா சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுபவர். வீட்டில் அவர்கள் பாஷை, வெளியில் வந்தால் எங்களைவிட நல்ல மதுரைத் தமிழ். கல்லூரியில் மாணவர் படையில் சேர்ந்து காக்கிச் சட்டை போட்டு அணிவகுத்தவர். வடக்கே நடந்த ஒரு முகாமுக்குப் போய் விமானத்திலிருந்து இரண்டு முறை குதித்துவிட்டு வந்தவர். வீட்டில் சொன்னது, "முகாமில் முதலுதவி கற்றுக்கொடுத்தார்கள்" என்று.

வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்த ஆசை விடவில்லை. மதுரைக்குத் தெற்கே கரிசல் காட்டில், யுத்த காலத்தில் போட்டுக் கைவிட்ட ஓடுதளம் ஒன்று உண்டு. அங்கே அந்த ராணுவக்காரர் பத்துப் பேரைச் சேர்த்து ஒரு சங்கம் வைத்திருந்தார். மாதத்துக்கு ஒரு ஞாயிறு, சில மாதம் இரண்டு, எங்கிருந்தோ ஒரு சின்ன விமானம் வாடகைக்கு வரும். ஆடிக்காற்றுக் காலத்தில் அதுவும் இல்லை. விடிந்ததும் குதிப்பார்கள். வெயில் ஏறினால் காற்றும் ஏறும், மாணவர்களை விடமாட்டார்கள். இதையெல்லாம் சுலோசனா எனக்குச் சொன்னது டூட்டி மாற்றக் கேட்டு வந்த அன்று. "ஒனக்கென்னடி, தலைகீழா விழறதுக்கு லீவு கேக்குற?" என்றேன். "தலைகீழா இல்லக்கா, நேராத்தான் விழுவேன்" என்றார்.

எங்கள் போர்டில் டூட்டி மாற்றிக்கொள்ள ஒரு வழக்கம் உண்டு. எவர் நாளை நீங்கள் வாங்குகிறீர்களோ, அவர் கேட்கும் நாளை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட வேண்டும். சுலோசனா ஞாயிறு காலைகளை வாங்கிக்கொண்டு மதியம் இரண்டு மணி டூட்டிக்கு வருவார். பதிலுக்குத் திருவிழாக்களை எல்லாம் கொடுத்தார். பொங்கலுக்கு அலங்காநல்லூர்ப் பெண் மாடு பிடிப்பதைப் பார்க்கப் போனாள் என்றால், இங்கே போர்டில் இருந்தது சுலோசனா. திருப்பரங்குன்றத்தில் தங்கை கல்யாணம் என்று ஒருத்தி போனால், சுலோசனா. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் ஐந்து வருஷமும் அவர்தான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் அழகரைப் பார்த்தது அவர் தயவில்.

வீட்டில் சனி இரவு டூட்டி, ஞாயிறும் சேர்த்து டூட்டி என்று சொல்லிவிட்டுச் சனிக்கிழமை மாலை பஸ் ஏறுவார். இந்தப் பொய்க்கு நானும் உடந்தை. ஒரு ஞாயிறு அவர் அப்பா முள்ளுமுருங்கை அடையைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். "போர்டுல இருக்கா, எந்திரிக்க முடியாது" என்று கூசாமல் சொல்லி வாங்கி வைத்தேன். மதியம் சுலோசனா டூட்டிக்கு வந்து கேட்டபோது சட்டி காலி. "என் பங்கு பொய்க்குக் கூலி" என்றேன். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமலே வந்துவிட்டது.

ஓய்வறையில் மேசை மேல் ஏறி நின்று, கால் இரண்டையும் ஒட்டி வைத்துக் குதித்து, பக்கவாட்டில் உருண்டு எழுவார். தரையில் இறங்கும்போது கால் ஒடியாமல் இருக்க அந்தப் பழக்கம். ஒருமுறை கணுக்கால் வீங்கி வந்தார். பஸ்ஸில் தவறியதாக வீட்டில் கதை. எக்சேஞ்சில் ஒரு வாரம் நாங்கள் அவருக்கு எழுந்திருக்கும் வேலையே கொடுக்கவில்லை. மாணவர்களுக்குப் பாராசூட்டை விமானத்தில் கட்டிய பட்டை ஒன்றே இழுத்து விரித்துவிடும். பல முறை ஒழுங்காகக் குதித்துக் காட்டினால்தான் தன் கையால் இழுத்து விரிக்க அனுமதி. அந்த ஒரு நாளுக்காகத்தான் ஐந்து வருஷத் திருவிழாக்களையும் கொடுத்தார். காற்று, மழை, விமானம் வராமை என்று போன ஞாயிறுகள்தான் அதிகம். வெறுங்கையோடு திரும்பி வந்து இரண்டு மணிக்கு, "நம்பர் ப்ளீஸ்" என்று உட்காருவார். குரலில் ஒரு சுணக்கம் இருக்காது.

ஒரே ஒருமுறை நானும் பார்க்கப் போனேன். சனிக்கிழமை மாலை சங்கத்துக்காரர்கள் சுண்ணாம்புச் சட்டியோடு வயல் வயலாக நடந்தார்கள். நம் பக்கத்துக் கிணறுகளுக்குச் சுவர் ஏது? தரையோடு தரையாக வாயைத் திறந்துகொண்டிருக்கும். மேலிருந்து வருபவர்களுக்குத் தெரிவதற்காக, ஓடுதளத்தைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரம் வரை ஒவ்வொரு கிணற்றைச் சுற்றியும் வெள்ளை வளையம் போட்டார்கள். சுலோசனாவும் பாவாடை போட்ட பிள்ளை கோலம் போடுவதுபோலக் குனிந்து குனிந்து போட்டார். நான் கீழக்குயில்குடியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் தோட்டத்துக் கிணற்றில் மாடு விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அன்று எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை அவர் இறங்கியதைக் கண்ணால் கண்டேன். கீழே விழுந்து உருண்டு எழுந்து, துணியைச் சுருட்டிக்கொண்டு புழுதியோடு என்னிடம் ஓடி வந்தார். என்னடி இருக்கிறது இதில் என்று கேட்டேன். "நாள் பூராம் என் காதுக்குள்ள ஊரே பேசுதுக்கா. எழவு, கல்யாணம், சண்ட, அம்புட்டும். கொட விரிஞ்ச பெறகு ஒரு அமைதி வரும் பாருங்க. எங்கயோ ஒரு நாய் கொலைக்கும், அது மட்டும் கேக்கும். அந்த ரெண்டு நிமிசத்த வச்சுத்தான்க்கா நான் ஒரு மாசம் ஓட்டுறேன்" என்றார். அந்தச் சொற்களை அப்படியே எழுதியிருக்கிறேன். ஒன்றும் சேர்க்கவில்லை.

இனி எழுத வேண்டியதை எழுதாமல் விட்டால் இந்த அஞ்சலிக்கு அர்த்தமில்லை.

மார்கழியில் இரண்டு ஞாயிறு அவர் தாமதமாக வந்தார். ஒருமுறை பதினைந்து நிமிஷம், ஒருமுறை இருபது. அதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். அந்த எரிச்சலை நான் அப்படியே சுமந்து வந்து சுலோசனாவின் தலையில் கொட்டினேன். தை ஞாயிற்றுக்கு அவர் முழு நாளும் கேட்டார். "இந்தத் தடவ என் கையால இழுக்கப் போறேன்க்கா. விமானம் லேட்டானாலும் இருந்து குதிச்சிட்டு வந்துருவேன். ஒரே ஒரு நாள்" என்றார். ஆள் இருந்தது. இரண்டு பேர் உபரி. இல்லாவிட்டால் நானே அந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கலாம். நான் சொன்னது இதுதான்: "ரெண்டு மணிக்கு நீ போர்டுல இருக்கணும். ஒரு நிமிசம் லேட்டானாலும் மெமோதான். அப்பறம் என் மூஞ்சியில முழிக்காத." அவர் முகம் வாடிவிட்டது. ஆனாலும், "இருப்பேன்க்கா. வாரேன்" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பனிமூட்டத்தால் விமானம் ஒன்பது மணிக்கு மேல்தான் வந்தது. காற்று ஏறத் தொடங்கியிருந்தது. மாணவர்கள் சாயங்காலம் ஐந்து மணி வரை பொறுக்கலாம், காற்று அடங்கிவிடும் என்றாராம் பயிற்சியாளர். மற்ற மூன்று மாணவர்களும் மரத்தடியில் படுத்துவிட்டார்கள். சுலோசனா மட்டும், "ரெண்டு மணிக்கு டூட்டி சார். பதினோரு மணி பஸ்ஸ விட்டா முடியாது" என்று கெஞ்சியிருக்கிறார். பயிற்சியாளர் காற்றை அளந்து பார்த்தார். அனுமதிக்கும் அளவின் விளிம்பில் இருந்தது. சரி என்றார். அவரை யாரும் குறை சொல்ல வேண்டாம். என்னிடம் போனில் அழுதபடி, "நான் விட்டிருக்கக் கூடாதும்மா" என்றார். ஏன் விட்டார் என்பது எனக்குத் தெரியும்.

பாராசூட் ஒழுங்காக விரிந்தது. தன் கையால் இழுத்து சுலோசனா விரித்த முதல் பாராசூட் அது. ஆனால் விமானம் மேலே போன பிறகு காற்று வலுத்துவிட்டது. வெள்ளை வளையம் போட்ட கடைசிக் கிணற்றையும் தாண்டி அவரைக் கொண்டுபோனது. ஆள் உயரத்துக்குச் சோளம் நின்ற ஒரு வயல். அதன் நடுவே ஒரு கிணறு. நனைந்த துணியும் கயிறுகளும் சுற்றிக்கொண்டால் யாரால் மேலே வர முடியும்?

செய்தி சொல்ல நான்தான் அவர் வீட்டுக்குப் போனேன். அம்மா வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மலர்ந்து, "என்னம்மா, அவ அங்க டூட்டியில இருக்கா, நீங்க இங்க வந்துருக்கீங்க?" என்றார். அதற்கு மேல் அங்கே நடந்ததை எழுத எனக்குத் தெம்பில்லை.

எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் அவர் அப்பா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "மொத்தம் எத்தன தடவம்மா குதிச்சா?" பதினான்கு என்றேன். "சொல்லியிருந்தா ஏசியிருப்பேன். அடிச்சுக்கூட இருப்பேன். ஆனா ஒரு தடவையாச்சும் போயி அண்ணாந்து பாத்துருப்பேன்ல" என்றார். எனக்கு அவர் காலில் விழுந்துவிடலாம் போலிருந்தது. நான் அன்று மெமோ என்று சொன்னதை அவரிடம் சொன்னேன். அவர், "அந்த எடத்தப் பாக்கணும். கூட்டிட்டுப் போறீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

எட்டாம் நாள் இருவரும் போனோம். கிணற்றுக்காரர் நாற்பது வயது விவசாயி. அவர்தான் அரிவாளோடு உள்ளே குதித்துக் கயிறுகளை அறுத்துத் தூக்கியவர். கையிலிருந்த கட்டு இன்னும் பிரிக்கவில்லை. நாங்கள் யார் என்று தெரிந்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"சோளத்துக்கு மடை திருப்பிக்கிட்டு நின்னேன்யா. தலைக்கு மேல 'அண்ணே'ன்னு ஒரு சத்தம். அண்ணாந்தா அந்தப் பிள்ள. அஞ்சாறு பன ஒசரம் இருக்கும். 'அண்ணே, மணி என்ன இருக்கும்'னு கத்திக் கேட்டுச்சு. குதிக்கிறவுக கைக்கடியாரம் கட்டக் கூடாதாம்ல, பெறகு சொன்னாக. ஆகாசத்துல இருந்து மணி கேக்குறாகளேன்னு எனக்குச் சிரிப்பு. சூரியனப் பாத்துட்டு, 'பத்தர இருக்கும் தாயி'ன்னேன். 'அப்ப பஸ்ஸப் புடிச்சிருவேண்ணே'ன்னு சிரிச்சுச்சு. மம்பட்டியக் கீழ போட்டுட்டுத் திரும்புறேன், ஆளக் காணோம்."

"மணியச் சொன்னேனே, கெணறு இருக்குன்னு சொல்லலையே" என்று தலையில் அடித்துக்கொண்டார். சுலோசனாவின் அப்பா எழுந்துபோய் அந்தக் கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அவர்கள் பக்கத்தில் போய் நிற்கும் தைரியம் வரவில்லை. அந்த மனிதராவது கேட்டதற்குப் பதில் சொன்னவர். அந்த உயரத்திலும் மணி கேட்க வைத்தவள் நான்.

அன்று திரும்பி வந்து இதை எழுதத் தொடங்கினேன். இன்று ஞாயிறு. இரண்டடிக்கப் பத்து நிமிஷம் இருக்கிறது. போர்டில் உங்கள் இருக்கைக்கு இன்னும் யாரையும் போடவில்லை, சுலோசனா. அவசரமில்லை. சாயங்காலம் வரை பொறுங்கள், காற்று அடங்கட்டும். உங்கள் டூட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன்.