வரி பற்றி ஒரு வரி

இன்று மலேசியாவின் யோங் பெங்கில் எங்கள் செம்பனை எண்ணெய்க் கம்பெனியின் போர்டு மீட்டிங். அங்கே நடப்பதையெல்லாம் மினிட்ஸாக எழுதுவது என் வேலை.

கம்பெனியின் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பைச் சொல்லும் புதிய நிலைத்தன்மை அறிக்கை வந்திருந்தது. அட்டையில் மரக்கன்றோடு சிரிக்கிறார் கமலா மேடம், போர்டில் இருக்கும் ஒரே பெண்.

அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, டத்தோ பட்டம் வாங்கிய எங்கள் சேர்மனிடம் கேட்டார்: "காடு, ஆறு, குரங்கு எல்லாம் இருக்கு டத்தோ. வரி பத்தி ஒரு வரிகூட இல்லையே? லாபத்தை எல்லாம் வரி இல்லாத தீவுக்கு அனுப்பிட்டீங்களா?"

"படத்துக்குத்தானே உன்ன வச்சோம்! வாய மூடு லா!"

சேர்மன் டத்தோ அந்த அறிக்கையையே மேடம் முகத்தில் வீசினார். கெட்டி அட்டையின் முனை புருவத்தைக் கிழித்தது. மரக்கன்றின் மேல் ரத்தம் சொட்டியது.

மேடம் என் பக்கம் திரும்பினார். "இதையும் எழுதும்மா. ஒரு வரி போதும்."

எழுதிவிட்டேன்.

மினிட்ஸில் கையெழுத்துப் போட வேண்டியவர் டத்தோதான். அவர் கையில் பேனாவை யார் கொடுப்பது, நீங்களே சொல்லுங்கள்.