நீலப் பூவுக்கு ஒரு சுகவீன விடுமுறை

யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்ணுக்கு வந்த மூன்று வருடத்தில் விக்னராஜா ஒருநாளும் சுகவீன விடுமுறை எடுத்ததில்லை. காய்ச்சலோடும் அலுவலகம் போய்த் தண்ணீர்க் குழாய்களின் வரைபடங்களைக் கீறிக்கொண்டிருப்பார். சனி, ஞாயிறுகளில் என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தவரை, மனைவி சத்தியபாமாதான் கிளென் வேவர்லியில் இருந்த இயற்கை ஆர்வலர் கழகமொன்றில் சேர்த்துவிட்டார்.

அங்கே ஒருவர் சூரிய ஓர்கிட் பற்றிப் பேசினார். வசந்தத்தில் சில நாட்கள் மட்டும் காட்டில் பூக்கும் நீலப் பூ. வெயில் நன்றாக ஏறினால்தான் இதழ் விரியும். முகில் மூடினால் தானும் மூடிக்கொள்ளும். அதைப் படம் எடுத்தே தீருவதென்று விக்னராஜா அன்றே முடிவு செய்தார்.

1976 வசந்தத்தில், அங்கே அது செப்டெம்பர் முதல் நவம்பர் வரை, நான்கு சனிக்கிழமைகள் நகரத்துக்கு வடகிழக்கே இருந்த காட்டுக்குப் போனார். நான்கு நாளும் மழை. மூடிய மொட்டுகளின் முன்னால் மழைக்கோட்டுடன் குந்தியிருந்துவிட்டுத் திரும்பினார். திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும் வெயில் எரித்தது.

அடுத்த வருடம் ஒக்டோபர் 18, செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணிக்கே வானம் பளிச்சென்று இருந்தது. விக்னராஜா மேலாளர் ஹார்லிக்குத் தொலைபேசி எடுத்து, வயிற்றுக்கோளாறு என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் தேவைக்கு மேல் விவரித்தார்.

"சரி, சரி, பேசாமல் படுத்திரும்," என்று ஹார்லி அவசரமாக வைத்துவிட்டார்.

பதினொன்றரைக்கு, விழுந்து கிடந்த ஒரு மரத்தின் பக்கத்தில் மூன்று பூக்கள் விரிந்திருந்தன. அப்படியொரு நீலத்தை அவர் எந்தச் சேலையிலும் கண்டதில்லை. எறும்பு கடிக்கக் கடிக்கக் குப்புறப் படுத்துப் பிலிம் முடியும்வரை எடுத்தார்.

ஒரு வாரம் கழித்துக் கடையிலிருந்து படங்கள் வந்தன. எல்லாம் கறுப்பு வெள்ளை.

"கடைக்காரன் நாசமாக்கிப்போட்டான்!"

"அவனை ஏன் பேசுறியள்? என்ர பாஸ்போர்ட் படத்துக்கெண்டு நீங்கள்தானே கறுப்பு வெள்ளைப் பிலிம் போட்டனீங்கள்," என்றார் சத்தியபாமா. "பாருங்கோ, முதல் நாலும் நான்தான்."

பாஸ்போர்ட் படங்கள் நன்றாகவே வந்திருந்தன.

ஆனால் கழகத்தின் செய்திமடலில் கறுப்பு வெள்ளை மட்டும்தான் அச்சிட முடியும். மற்றவர்களின் வண்ணப் படங்கள் அதில் மைக்கறையாகிவிட, விக்னராஜாவின் பூ நரம்பு நரம்பாகத் தெரிந்தது. அதையே அட்டையில் போட்டார்கள். படத்தின் விவரம் கேட்டபோது, வரைபடக்காரருக்குரிய கவனத்தோடு எழுதிக் கொடுத்தார்: "செவ்வாய், ஒக்டோபர் 18, முற்பகல் 11.40." அவருடைய பெயரோடு அதுவும் படத்தின் கீழே அச்சாகியது.

அலுவலகத் தட்டெழுத்துப் பெண்ணும் அந்தக் கழகத்தில் அங்கத்தவர் என்பது அவருக்குத் தெரியாது. அவள் பெருமையோடு அட்டையை அறிவித்தல் பலகையில் குத்தி வைத்தாள். பிற்பகல் ஹார்லி கூப்பிட்டார். மேசையில் அந்த அட்டை இருந்தது.

"வயிறு இப்போது எப்படி?"

விக்னராஜா எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அந்த நாளை வருடாந்த விடுமுறையில் கழித்துவிடும்படி தானே கேட்டார். ஹார்லி படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"இது நீலமா?"

"ஓம் சேர். சொல்ல ஏலாத நீலம்."

"நீர் சொல்வதை நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை," என்றபடி ஹார்லி விடுமுறைத் தாளில் கையெழுத்து வைத்தார்.