மேலூருக்குப் போகவேண்டிய ஃப்ரிஜ்

எங்கே ஃப்ரிஜ்ஜைப் பார்த்தாலும் அதன் முழுப்பெயரை இங்கிலீஷில் நினைத்து, எழுத்து எழுத்தாகப் பிரித்து, அதிலிருந்து வேறு வார்த்தைகளைத் தேட ஆரம்பித்துவிடுவேன். பாழாய்ப்போன பழக்கம். எழுபதுகளின் கடைசியில் கோச்சடை வீட்டில், எட்டு வயதில் ஒட்டிக்கொண்டது, இன்னும் விட்டுத் தொலைய மாட்டேன் என்கிறது.

அந்த வருடம் தலை ஆடிக்கு அத்தையை மேலூரிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். அப்பாவின் ஒரே தங்கை, தை மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. புதுப்பெண் ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு வருவதும், ஆவணி பிறந்ததும் திரும்பிப் போவதும் ஊர் உலகத்தில் நடப்பதுதான். ஆனால் அத்தை வந்ததிலிருந்து சுருண்டு சுருண்டு படுத்தாள். இடது கையைத் தூக்க முடியவில்லை, எனக்குச் சடைகூடப் பின்னிவிட மாட்டாள். கிணற்றடியில் வழுக்கிவிட்டதாம். அம்மா தினமும் எண்ணெயைக் காய்ச்சி அவள் தோளில் தடவுவாள். அந்த நேரம் பார்த்து என்னை வெளியே போய் விளையாடு என்று விரட்டுவாள்.

அப்போதுதான் ஒரு சோப்புக் கம்பெனிக்காரன் போட்டி வைத்தான். ரெஃப்ரிஜிரேட்டர் என்ற இங்கிலீஷ் வார்த்தையில் உள்ள எழுத்துகளை மட்டும் வைத்து நிறைய வார்த்தைகள் எழுத வேண்டும். மூன்று சோப்பு உறைகளையும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஜெயித்தால் அந்த ரெஃப்ரிஜிரேட்டரே வீட்டுக்கு வரும். எங்கள் தெருவில் ஒருவரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. பள்ளிக்கூடப் படிப்பை முடித்தவள் என்ற தைரியத்தில் அத்தை உட்கார்ந்தாள். அப்பா ஆபீஸில் யாரிடமோ டிக்‌ஷனரி இரவல் வாங்கி வந்தார். நானும் எனக்குத் தெரிந்த ஆட்டையும் பூனையையும் சொல்லிப் பார்த்தேன்.

“ஆட்டுக்கு எழுத்து இருக்குடி. பூனைக்குத்தான் பத்தல. ஆனா புலிக்கு இருக்கு பாரு” என்றாள் அத்தை. வந்த பிறகு அவள் சிரித்ததே அன்றைக்குத்தான்.

ஆவணி பிறந்ததும் மாமாவும் அவருடைய அம்மாவும் அத்தையைக் கூட்டிப்போக வந்தார்கள். அப்பா யாரிடமும் அதிர்ந்து பேசாதவர். பஸ்ஸில் காலை மிதித்தவனிடம்கூட இவர்தான் மன்னிப்புக் கேட்பார். “கொஞ்ச நாள் போகட்டும் மாப்ள. பிள்ளை போட்டிக்கு எழுதிக்கிட்டிருக்கா. பரிசு வந்தா அது உங்க வீட்டுக்குத்தானே” என்றார். ஆடிச் சீர் பற்றாது என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்த மாமாவின் அம்மா, அது எம்புட்டு உசரம் இருக்கும் என்று விசாரித்தாள். காப்பியைக் குடித்துவிட்டு இருவரும் மேலூர் பஸ் ஏறினார்கள்.

புரட்டாசியிலும் வந்தார்கள். எழுதி அனுப்பியாச்சு, முடிவுதான் வரவில்லை என்றார் அப்பா. ஆபீஸ் விட்டு வந்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்கிற மனிதர் அவர். அந்தக் களைப்போடு இவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அம்மா வடை சுட்டே ஓய்ந்து போனாள். அத்தையோ டிக்‌ஷனரியை மூடவே இல்லை. அனுப்பின பிறகும் எதற்கு வார்த்தை தேடுகிறாள் என்று எனக்கே அலுத்துவிட்டது. மேலூருக்குப் போவதற்குள் ஒரு வாரமாவது ஃப்ரிஜ் நம் வீட்டில் இருந்தால் போதும், ஐஸ் தின்றுகொள்ளலாம் என்பதுதான் என் கவலை.

ஐப்பசியில் ஒருநாள் கொட்டுகிற மழையில் மறுபடியும் வந்து நின்றார்கள். தலை துவட்டத் துண்டு எடுத்து வரச் சொன்னாள் அம்மா. டிரங்குப் பெட்டியைத் திறந்தால், அத்தையின் சேலை மடிப்புக்குள், வாசனைக்கு வைப்பதுபோல் மூன்று சோப்பு உறைகளும் பத்திரமாக இருக்கின்றன. எனக்கு வந்ததே கோபம்!

உறைகளோடு கூடத்துக்கு ஓடினேன். “அப்பா, எல்லாம் போச்சு! அத்தை போட்டிக்கு அனுப்பவே இல்ல!”

அப்பா அதைப் பார்த்து ஆச்சரியப்படவே இல்லை. மாமாவின் அம்மாதான் துள்ளி எழுந்தாள். “அம்புட்டும் பொய்யா? கிளம்புடி” என்றாள். மாமா ஓர் எட்டு முன்னால் வைத்தார். அத்தையின் வலது கை சட்டென்று இடது தோளைப் பொத்திக்கொண்டது.

அப்பா எழுந்து நடுவில் போய் நின்றார். குரல் எப்போதும்போல் தணிந்தே இருந்தது. “அவ வரமாட்டா மாப்ள. நான் அனுப்புறதா இல்ல.”

“எம்புட்டு நாளைக்கு வச்சுச் சோறு போடுவீங்க?” என்று கேட்டாள் மாமாவின் அம்மா.

“நாங்க திங்கிற வரைக்கும்” என்று அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

தலையைக்கூடத் துவட்டாமல் மழையிலேயே இறங்கிப் போனார்கள். அத்தை சுவரோரமாக உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். அம்மா கரண்டியோடு வந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கும் அழுகை வந்தது. ஆனாலும் யாராவது ஒருத்தர் தெம்பாக இருக்க வேண்டுமே என்று அத்தையின் பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்தேன்.

“அழுகாத அத்தை. அடுத்த போட்டில ஜெயிச்சுக்கலாம்” என்றேன்.

அவள் என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு இன்னும் அதிகமாக அழுதாள். போயும் போயும் ஒரு ஃப்ரிஜ்ஜுக்காகப் பெரியவர்கள் இப்படியா அழுவார்கள் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.